தங்கப்பூ அனுப்பினால் அடிமையா? ஆட்ட மேசையில் அண்டை நாடுகள்

ஜனவரி 18, இரவு

ஈப்போ நண்பர் ஒருவர் இங்கே போட்டிருந்த கேள்வி இது: "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்பெயினில் தூது, உடன்படிக்கை என்று எதைக் கொண்டுவந்தாலும் அரைமணி நேரத்தில் யாராவது கத்தியை உருவிவிடுகிறார்கள். இல்லையென்றால் கரிஸ்மா கூடின ஆள் ஒருவன் பகடையை உருட்டுகிறான், இருபது விழுகிறது, எதிரி ராஜா பாதி நாட்டை எழுதிக் கொடுத்துவிடுகிறான். ராஜதந்திரம் இந்த ஆட்டத்துக்கு ஒத்துவராது. உருப்படியாக நடத்தியவர் யாராவது உண்டா?"

நடத்திக்கொண்டிருக்கிறேன். (புதியவர்களுக்கு: இது ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை ஆட்டம். வாரக்கணக்கில் நீளும் ஒரு கதைதான் கேம்பெயின். கரிஸ்மா என்பது பாத்திரத்தின் பேச்சுக் கவர்ச்சிக்கான எண். இருபதுமுகப் பகடையில் இருபதுதான் உச்சம்.) பீடோங்கில், மாமா வீட்டுக் கார் நிறுத்தும் கொட்டகையில், சனிக்கிழமைகளில். மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்துக்கு வெள்ளி, சனி விடுமுறை. பக்கத்துப் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்திலிருந்து வரும் தம்பிக்கு சனி, ஞாயிறு. எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சுவது சனி ஒன்றுதான். ஞாயிறு காலை எங்களுக்கு வேலை என்பதால் ராத்திரி ரொம்ப நேரம் இழுக்க முடியாது. அவன்தான் "இன்னும் ஒரு மணி நேரம்" என்று கெஞ்சுவான். எங்கள் மேசையில் நடக்கும் முதல் பேச்சுவார்த்தையே இதுதான்.

கேள்விக்கு வருகிறேன். ராஜாவுக்கு என்ன வேண்டும் என்று டிஎம்முக்கே (கதையை நடத்தி மற்ற பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பவர், எங்கள் மேசையில் நான்) தெரியாதபோதுதான் பகடை நாட்டைக் கொடுக்கிறது. ராஜாவிடம் சொந்த ஆசை எதுவும் இல்லை, அதனால் விழுந்த எண்ணுக்குத் தலையாட்டுகிறான். நான் அண்டை நாட்டுக்கு ஒரு சின்ன அட்டை எழுதி வைத்துக்கொள்கிறேன். அதில் மூன்றே வரி: என்ன வேண்டும், எதற்குப் பயம், வெளியே என்ன தெரியக்கூடாது. அதற்குமேல் எழுதினால் எனக்கே மறந்துவிடும்.

ஜனவரி 19

நாடுகளைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. ஆட்டக்காரர்களின் நாடு கழிமுகம். சின்ன நாடு, நெல், மிளகு, ஒரு ஆற்றுமுகத் துறைமுகம். வடக்கே பெரிய பேரரசு, பெயர் சாயம். மேற்கே ஒரு தீவு, ஆள் கிடையாது. அந்தத் தீவின்மேல் கண் வைத்திருக்கும் கப்பல் வணிகர்கள். கிழக்கே காட்டு நாடு, அவர்களிடம் இரும்பு.

சரித்திரம் படித்தவர்கள் சிரிப்பது கேட்கிறது. ஆமாம், கெடாதான். கொட்டகையிலிருந்து பார்த்தால் செம்பனைக்கு மேலே ஜெராய் மலை தெரிகிறது. வேறு எங்கே போய் உலகம் தேடுவேன்?

ஜனவரி 26

தங்கப்பூ.

இது தெரியாமல் எங்கள் கேம்பெயின் புரியாது. கெடா, கிளந்தான், திரங்கானு சுல்தான்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) புங்கா மாஸ், அதாவது தங்கப்பூ, அனுப்பினார்கள். தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த சிறு மரங்கள், இலையும் பூவுமாக. அடிமைநாடு கட்டும் கப்பம் என்றது சயாம். நட்புக்கு அடையாளம் என்றது மலாய் அரசவை. இரண்டு பக்கமும் அவரவர் ஊரில் அவரவர் கதையைச் சொல்லிக்கொண்டார்கள். மரமும் போய்க்கொண்டே இருந்தது.

ஆட்டத்தில் வைத்ததும் வெடித்தது. கழிமுகத்தின் தளபதியாக ஆடும் தம்பி (பட்டர்வொர்த்துக்காரன்தான்) மேசையைத் தட்டினான். "நாம என்ன அடிமையா? ஒரு இலைகூடப் போகக்கூடாது." அமைச்சராக ஆடும் ஆசிரியை அக்கா கணக்குப் போட்டார்: மரம் செய்ய எவ்வளவு தங்கம், ஒரு மாதம் படை நிறுத்த எவ்வளவு அரிசி. மரம்தான் மலிவு. தம்பி மசியவில்லை. சாயத்துத் தூதன் வாசலில் காத்திருக்க, எங்கள் ஆட்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டு அந்தச் சனிக்கிழமையை முடித்தார்கள். அண்டை நாட்டோடு பேசுவதற்கு முன் சொந்த அரசவையோடு பேசியாக வேண்டும் என்பதை எந்த விதிப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

கடைசியில் மரம் போனது. அக்கா செய்த வேலை இது: ஊரில் "சாயத்து இளவரசிக்குப் பிறந்தநாள் சீர்" என்று முரசறைய வைத்தார். சாயத்துக்குப் போன ஓலையில் பிறந்தநாளும் இல்லை, கப்பமும் இல்லை. மரத்தின் எடை மட்டும் இருந்தது.

ஈப்போ நண்பரே, இதற்கு நீங்கள் எத்தனை உருட்டச் சொல்வீர்கள்?

பிப்ரவரி 2

சாயம் இனி இல்லை. பெயர் மாற்றியாகிவிட்டது, இனி மேருவம்.

நேற்று மாமாவின் அம்மா கொட்டகையில் வந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் "சாயத்துக்கு யார் போவது, சாயத்துக்கு யார் போவது" என்று கத்திக்கொண்டிருந்தோம். பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். "சயாமுக்கா? எவன்டா போறான் அங்கே? ஒருத்தனும் போகக்கூடாது" என்றார். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் கட்டை போட ஏற்றிக்கொண்டு போனவர்களில் அவர் அண்ணனும் ஒருவர். திரும்பவில்லை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இப்படி ஒரு பெயர் இல்லாத லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) குறைவு.

பாட்டிக்கு எதிரில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு விளையாட எனக்கு மனமில்லை. அதைவிட, இன்றைக்கு நமக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்டை ஒரே வில்லனாகக் காட்டும் ஆட்டமும் எனக்கு வேண்டாம். மேருவம் என்று மாற்றியதும் அந்த நாட்டுக்கு நான் எழுதியதும் மாறியது. முன்பு பேராசைக்கார ராஜா ஒருவன்தான் இருந்தான். இப்போது அட்டையில் இருப்பது இது:

வேண்டுவது, மழைக்கு முன் அரிசி. பயம், மேற்கு எல்லையில் இருக்கும் மன்னனின் சொந்தத் தம்பி. தெரியக்கூடாதது, படையில் பாதி ஏற்கெனவே மேற்கே போய்விட்டது.

பிப்ரவரி 9

தாதி அக்கா கலக்கிவிட்டார். பொது மருத்துவமனையில் ஷிப்ட் முடித்து, சீருடையோடு வந்து உட்காருவார். பாணர் கேரக்டர். நேற்று அவரைத்தான் மேருவத்துக்குத் தூது அனுப்பினார்கள்.

மேருவத்து மன்னன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். பயமுறுத்தத்தான். நான் இரண்டு நிமிடம் வர்ணித்தேன், வரிசை வரிசையாக வேல், பளபளவென்று. அக்கா தே ஓவை (பாலில்லாத தேநீர்) ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார்: "எவ்வளவு அழகாக அடுக்கியிருக்கிறீர்கள், அரசே. எண்ணெய் பூசி, மயிற்பீலி கட்டி. எங்கள் ஊரில் ஒரு வேலாவது முழுசாக இருக்கிறதா? முனை ஒடிந்து, பிடி உடைந்து, எல்லாம் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன."

கொட்டகை ஒரு நொடி அமைதியானது. அப்புறம் ஆசிரியை அக்கா கையைத் தட்டிச் சிரித்தார். புறநானூற்றில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை செய்தது இதேதான். புகழ்வது மாதிரி இருக்கும். உன் ஆயுதம் சண்டையே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அட்டையைப் பார்த்தேன். படையில் பாதி இங்கே இல்லை. இந்தப் பெண்ணுக்கு அது தெரிந்துவிட்டதோ என்று மன்னன் நினைப்பான். கோபப்பட்டால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். ஆகவே சிரித்தான், பட்டுச்சால்வை போர்த்தினான், அரிசி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஒரு பகடையும் உருளவில்லை.

பிப்ரவரி 12

நேற்று தைப்பூசம். தளபதி மொட்டையோடு வரப்போகிறான். தலைக்கவசம் இனி பொருந்துமா என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இப்போதே விவாதம்.

பிப்ரவரி 13

குவாந்தானிலிருந்து ஒருவர் சரியான இடத்தில் பிடித்தார்: "பேச்சு வருகிற ஆளுக்கு உங்கள் முறை சொர்க்கம். கூச்சக்காரன் என்ன செய்வான்? வாள் சுழற்றத் தெரியாதவன் வீரனாக ஆடலாம், பேசத் தெரியாதவன் தூதனாக ஆடக்கூடாதா?"

நியாயம். எங்கள் மேசையிலேயே பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையன் இருக்கிறான். நாலு வார்த்தைக்கு மேல் கோவையாக வராது. ஆனால் அட்டையில் என்ன எழுதியிருக்கும் என்று சரியாக மோப்பம் பிடிக்கிறவன் அவன்தான்.

அவனுக்காக யோசித்து இரண்டு விஷயம் வைத்திருக்கிறேன். ஒன்று, நடித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. "மேற்கு எல்லையைப் பற்றி நமக்குத் தெரியும் என்று ஜாடையாகக் காட்டுகிறேன், வெளிப்படையாகச் சொல்லமாட்டேன்" என்றால் போதும். அதற்கும் ஔவைப் பேச்சுக்கும் மேருவத்தில் ஒரே மதிப்பு.

இரண்டாவது, பகடையைத் திரும்பக் கொண்டுவருகிறேன், ஆனால் வேறு வாசல் வழியாக. 1981 ஆண்டுப் பழைய பேசிக் விதிகளில் எதிர்வினை அட்டவணை ஒன்று உண்டு. முதல் சந்திப்பில் இரண்டு ஆறுமுகப் பகடை. 2 விழுந்தால் உடனே தாக்குதல், 12 விழுந்தால் ஆர்வமான நட்பு, நடுவில் 6 முதல் 8 வரை ஒன்றும் நிச்சயமில்லை. எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம், பகடை இங்கே எதையும் முடித்து வைப்பதில்லை, அரசவைக்குள் நுழையும்போது அங்கே என்ன மனநிலை என்பதை மட்டும் சொல்கிறது. மன்னனுக்குப் பல்வலியா, நேற்று மகன் பிறந்தானா, அது தூதன் கையில் இல்லை. அதற்குப்பின் பேசுவது தூதன் பாடு.

பெர்சுவேஷன் (பேசி மசியவைக்க) உருட்டுவது முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. காவல்காரனிடம், சத்திரக்காரனிடம் உருட்டுகிறோம். நாட்டை உருட்டுவதில்லை.

பிப்ரவரி 22, நள்ளிரவு தாண்டி

மாமா ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார்!

மாமா முன்பு தோட்டத்தில் கிராணி (எழுத்தர்). ஓய்வுபெற்று வருடக்கணக்காகிறது. நாங்கள் ஆடும்போது ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், நடுநடுவே "இதெல்லாம் ஒரு விளையாட்டா" என்பார். இன்றைக்கு மேருவத்து எல்லை அதிகாரிக்கு நான் குரல் கொடுக்கும்போது பேப்பரை மடித்துவிட்டு, "அப்படிப் பேசமாட்டான்யா. தள்ளு" என்றார்.

அவர் ஆடிய எல்லை அதிகாரி மாதிரி ஒருவனை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. கழிமுகத்துக் குழு ஓலையை நீட்டியது. வாங்கினார், பிரிக்கவில்லை. "பாதை எப்படி இருந்தது? ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டதா?" என்றார். சாப்பிடச் சொன்னார். தளபதி பொறுமை இழந்து "பதில் என்ன?" என்றான். "மேலே சொல்கிறேன்." எப்போது? "சொல்கிறேன்." மறுபடி கேட்டதற்கு, "தம்பி, இப்பவே பதில் வேண்டுமென்றால் என்னிடம் 'முடியாது' ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் உன் ராணியிடம் கொடுக்கிறாயா?"

தளபதி உட்கார்ந்துவிட்டான்.

ஆட்டம் முடிந்து கேட்டேன். தோட்டத்தில் ஆட்கள் கேட்பதை வாங்கி துரையிடம் கொண்டுபோவதும், துரை சொன்னதைத் திரும்பக் கொண்டுவருவதும் அவர் வேலை. "துரை காலையில் முடியாது என்பான். அதை அன்றைக்கே கொண்டுவந்து லயத்தில் போட்டால் சாயங்காலம் கூட்டம் கூடிவிடும். ரெண்டு நாள் வைத்திருந்தால் துரையே 'சரி, பாதி கொடு' என்பான்" என்றார். எல்லா நேரமும் அப்படி ஆனதா? "எல்லா நேரமுமா? சில நேரம் ரெண்டு பக்கமும் என்னைத்தான் திட்டினார்கள்."

மார்ச் 1

மாமாவால் ஒரு புது விதி. இனி ஓலைக்குப் பயண நேரம் உண்டு. கழிமுகத்திலிருந்து மேருவத் தலைநகருக்கு யானைப் பாதையில் பன்னிரண்டு நாள், மழையில் இன்னும் கூட. ஆட்டத்தின் ஒவ்வொரு மாதமும் இரண்டு பக்கமும் கட்டளைகளைத் துண்டுச்சீட்டில் எழுதி, ஒரே நேரத்தில் திறக்கிறோம். சீட்டு யோசனை என்னுடையதல்ல. 1959இல் வந்த டிப்ளமசி பலகை ஆட்டத்தில் ஏழு வல்லரசுகளும் இப்படித்தான் எழுதித் திறக்கும், அதில் பகடையே கிடையாது. பேச்சில் எதையும் சத்தியம் செய்யலாம், சீட்டில் என்ன எழுதினாய் என்பது திறந்த பிறகுதான் தெரியும்.

முதல் மாதமே விபரீதம். தளபதி எல்லைக் காவலை வாபஸ் வாங்கிச் சமாதான ஓலை அனுப்பினான். அதே மாதச் சீட்டில் மேருவம் (மாமா) எல்லைக்கு ஆயிரம் பேரை அனுப்பியிருந்தது. ஓலையும் படையும் நடுவழியில் ஒன்றையொன்று கடந்து போயின. இரண்டு பக்கமும் எதிரி ஏமாற்றியதாகவே நினைத்தது. யாரும் பொய் சொல்லவில்லை.

மார்ச் 8

இப்போது தீவு விவகாரம். இதற்குத்தான் திட்டு வாங்குகிறேன்.

மேருவத்துப் பயத்தில் கழிமுகம் கப்பல் வணிகர்களிடம் போனது. தீவை எடுத்துக்கொள்ளுங்கள், எங்களை யாராவது தாக்கினால் படை அனுப்புங்கள். வணிகர் தலைவன் இனிக்க இனிக்கப் பேசினான். தீவில் அன்றைக்கே கொடி ஏற்றினான். படை பற்றி மட்டும் "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்றான். மாமா பேப்பருக்குப் பின்னாலிருந்து கனைத்தார். யாரும் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்கள். மேருவம் வந்தது. வணிகர் கப்பல் ஒன்றும் வரவில்லை.

"டிஎம் ஏமாற்றிவிட்டார்" என்று தளபதி குழுவில் எழுதினான். இங்கேயும் இரண்டு பேர் அதையே சொல்கிறார்கள். நடந்தது எதையும் நான் புதிதாக உருவாக்கவில்லை. 1786இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கொடி ஏற்றியபோது கெடா சுல்தானுக்கு வேண்டியிருந்தது சயாமுக்கு எதிராகப் படை உதவி. கம்பெனி மேலிடம் அதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. 1791இல் சுல்தான் தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்துத் தோற்று, வருடத்துக்கு 6,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். 1800இல் எதிர்க்கரையில் செபராங் பிறை நிலமும் போய், தொகை 10,000 ஆனது. 1821இல் சயாம் உள்ளே புகுந்தபோது அப்போதைய சுல்தான் ஓடி ஒளிந்தது எங்கே தெரியுமா? பினாங்கில்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் திட்டுவது சரி. ஆசிரியை அக்காவுக்குச் சரித்திரம் தெரியும், பள்ளியில் பாடமே எடுக்கிறார். தீவு என்ற சொல்லைக் கேட்டதுமே அவருக்கு முடிவு தெரிந்துவிட்டது. தெரிந்ததைச் சொன்னால் மற்றவர்களின் ஆட்டம் கெடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அது அவருக்குச் சுகமாக இருந்திருக்காது. இனிச் சரித்திரத்திலிருந்து காரணங்களை மட்டும் எடுக்கிறேன், நடந்த வரிசையை விட்டுவிடுகிறேன்.

மார்ச் 9

"நட்பாக இருந்த நாடு காரணமில்லாமல் தாக்குவது நம்பும்படியாக இல்லை" என்று ஒருவர். ஐயா, நான் உட்கார்ந்திருப்பது கடாரத்தில் (கெடாவுக்குப் பழைய தமிழ்ப் பெயர்). 1006 வாக்கில் கடாரத்தரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுகிறது, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதி வைக்கிறான். 1025இல் அவன் மகன் ராஜேந்திரன் கடலில் கலம் செலுத்திக் கடாரத்தைப் பிடிக்கிறான். 1090இல் பார்த்தால் கடாரத்துத் தூதர்கள் குலோத்துங்கனிடம் வந்து அதே விகாரத்து நிலத்துக்குப் புதுச் செப்பேடு வாங்கிப் போகிறார்கள். தானம், படையெடுப்பு, மறுபடியும் தானம். விகாரம் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. நாடுகளுக்கு ஞாபகம் எப்போது வேண்டுமோ அப்போதுதான் வரும் போலிருக்கிறது.

காரணம் இல்லாமல் என்றீர்களே, அதற்கு மட்டும் ஒரு வார்த்தை. காரணம் இருக்கும். தாக்கப்படுகிறவனிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 22

நோன்பு மாதம். ரம்லான் பஜாரில் வாங்கிய முர்தபாக்கின் எண்ணெய் உடன்படிக்கைத் தாளில் இறங்கி மூன்றாம் ஷரத்து மறைந்துவிட்டது. அதை அப்படியே ஆட்டத்தில் வைத்துக்கொண்டோம்: மூலப்பிரதி சிதைந்தது, இரண்டு நாட்டுப் பிரதிகளும் ஒத்துப்போகவில்லை. இதுவரை நான் உட்கார்ந்து யோசித்த எந்தச் சிக்கலும் இவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை.

இன்றைக்கு இன்னொன்றும் செய்தேன். மேருவமும் வணிகர்களும் கழிமுகத்தைக் கூப்பிடாமலேயே பேசி முடித்தார்கள். 1826 பர்னி உடன்படிக்கையில் கெடாவுக்கு நடந்ததுதான். சயாமும் பிரிட்டனும் உட்கார்ந்து பேசின, கெடா சயாமின் கையிலேயே விடப்பட்டது. வரிசையை விடுகிறேன் என்று சொன்னவன்தான் நான், காரணம் பொருந்தியது, விடமுடியவில்லை. ஆட்டக்காரர்களை அந்த அறைக்கு வெளியே உட்கார வைத்தேன். நிஜமாகவே, கொட்டகைக்கு வெளியே, கொசுக்கடியில். உள்ளே நானும் மாமாவும் மேருவமாகவும் வணிகர்களாகவும் பேசினோம். ஜன்னல் வழியாகப் பாதி கேட்டிருக்கும். கூச்சக்காரப் பையன் கேட்ட பாதியை வைத்தே, வணிகர்கள் மேருவத்துக்குக் கொடுத்த சலுகை அரிசி வரி என்று கண்டுபிடித்துவிட்டான். அட்டையின் முதல் வரி. அதை வைத்துக் கிழக்குக் காட்டு நாட்டோடு தனியாகப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். மேருவத்துக்கு அரிசி போகும் பாதை அவர்கள் காட்டு வழியாகத்தான் போகிறது.

ஏப்ரல் 6

ஈப்போ நண்பர் "முடிந்ததா?" என்று கேட்டிருக்கிறார். ஒருவிதத்தில்.

அரிசிப் பாதையை அடைத்ததும் மேருவம் பேச வந்தது. கழிமுகத்து ராணிக்கு, மேருவம் வந்தபோது இழந்த அரியணை திரும்பக் கிடைக்கும், மரம் மறுபடி போகும், வடக்கு மாவட்டம் தனி நாடாகப் பிரியும். மேருவத்துக்கு இரண்டு சின்ன அண்டை நாடுகள் ஒரு நடுத்தர அண்டை நாட்டைவிட வசதி. (கெடா சுல்தான் 1842இல் திரும்பி வந்தபோது பெர்லிஸும் சத்துனும் இப்படித்தான் தனியாகப் பிரிந்தன. ஆசிரியை அக்கா என்னை முறைத்தார்.)

இரவு வெகுநேரம் வாக்குவாதம். பட்டர்வொர்த் தம்பிக்கு முதல்முறையாக அவன் கேட்ட கூடுதல் ஒரு மணி நேரம் கிடைத்தது. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். தாதி அக்கா மரத்தின் எடையை மட்டும் பேசிக் குறைத்தார்.

பிரிந்த வடக்கு மாவட்டத்துக்கு யார் அரசன் என்று கேட்டேன். மேருவத்துக்கும் ஏற்ற ஆளாக இருக்கவேண்டும், உள்ளூரும் ஏற்கவேண்டும். எல்லாரும் யோசிக்கும்போது தளபதி மெதுவாகக் கையைத் தூக்கினான். ஒரு இலைகூடப் போகக்கூடாது என்றவன். மாமாவோடு அவன் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் பேசி முடித்திருக்கிறான், மார்ச் மாதமே.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவன் மேசையின் அந்தப் பக்கம் உட்காருகிறான். எங்கள் குழுவிலிருந்து அவனை எடுத்துவிட வேண்டுமா, ஒற்றனாக யாராவது அவன் குழுவில் சேரவேண்டுமா என்று அக்காக்கள் இரண்டு பேரும் இப்போது என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கும் ஒரு அட்டை எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதிவிட்டானாம், காட்டமாட்டானாம்.